வெளியே காத்திருந்த நண்பர்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் காலைத் தேநீரோடு இருப்பவர்களுக்கும், சிட்னியில் நித்திரையைத் தள்ளிவைத்துவிட்டு இருப்பவர்களுக்கும் தனியாக ஒரு நன்றி. நான் நெதர்லாந்தில், உத்ரெக்ட் நகரத்தில் இருந்து பேசுகிறேன். இங்கே வெளியில் மழை.

எனக்குத் தந்த தலைப்பு, வெவ்வேறு நம்பிக்கை உள்ளவர்களுக்கு இடையிலான நட்பும் உரையாடலும். இதைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் பத்து நிமிடத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆகவே இரண்டு நட்புகளைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். ஒன்று வரலாற்றில் உள்ளது. மற்றது என்னுடையது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் சைவன். தேவாரம் பாடுவேன். இந்த நாட்டில் எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு மரணம் நடந்தால், திருப்பொற்சுண்ணம் பாட என்னைத்தான் அநேகமாகக் கூப்பிடுவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அதைச் செய்துவருகிறேன்.

என் நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் கடவுள் இல்லை என்பவர். சும்மா பேச்சுக்கு இல்லை, தீர்மானமாக. அகதியாக நான் இங்கே வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில் மொழிபெயர்க்கவும், பத்திரங்கள் நிரப்பவும், சப்பாத்து வாங்கவும் என்னோடு அலைந்தவர் அவர்தான்.

டென் ஹெல்டரில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது, உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நாட்டின் வடக்கு முனை, கடலோரம். என்னிடம் கார் இல்லாத காலத்தில் திருவிழாவுக்கு என்னை ஏற்றிக்கொண்டு போவது அண்ணைதான். வாசல் வரைக்கும் வருவார். "நீர் உள்ளுக்குப் போய்ப் பாடும். நான் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன்" என்பார். பூசை முடிந்து நான் வந்து பார்த்தால், கடலணையில் உட்கார்ந்து டெசல் தீவுக்குப் போகும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்னதானச் சோற்றை மட்டும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

எங்களுக்குள் ஒரு பெரிய சண்டை வந்தது. அதற்குக் காரணம் நான் அவரைத் திட்டியது என்று நினைப்பீர்கள். நான் பாராட்டினேன், அதனால் வந்தது. ஒரு கூட்டத்தில், புதிதாக வந்த அகதிகளுக்கு அவர் செய்யும் உதவியைப் பற்றிச் சொல்லிவிட்டு, "அண்ணை கடவுளை நம்பாவிட்டாலும் அவர் செய்வது கடவுள் தொண்டுதான்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணை எழும்பி வெளியே போய்விட்டார். அடுத்த நாள் தொலைபேசியில் கேட்டார்: "நீர் தேவாரம் பாடும்போது அது உண்மையில் பகுத்தறிவுப் பிரசாரம்தான் என்று நான் சொன்னால் உமக்கு எப்படி இருக்கும்?" அதன் பிறகு நாலு மாதம் பேசவில்லை.

நாலு மாதம் கழித்துத் தபாலில் ஒரு பொதி வந்தது. உள்ளே ஒரு சின்னப் புத்தகத்தின் ஒளிப்படப் பிரதி. கோரா எழுதிய 'ஆன் ஏதியிஸ்ட் வித் காந்தி', 1951இல் நவஜீவன் வெளியிட்டது. கடிதம் ஒன்றும் இல்லை. அதுதான் நான் சொல்லவந்த மற்ற நட்பு.

கோரா என்பது கோபராஜு ராமச்சந்திர ராவ் என்ற பெயரின் சுருக்கம். 1902இல் ஒரு தெலுங்குப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் தாவரவியல் படித்தார். நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ஆசிரியராக இருந்திருக்கிறார், கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் சில காலம் படிப்பித்திருக்கிறார். பிறகு ஆந்திராவில் கல்லூரி வேலை. நாத்திகக் கருத்துகளுக்காக அந்த வேலையை இழந்தார். அவரும் மனைவி சரஸ்வதியும் 1940இல் முதுனூர் என்ற கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கினார்கள். முதியோர் கல்வி, தீண்டாமை ஒழிப்பு, எல்லாச் சாதியாரும் சேர்ந்து உண்ணும் சமபந்தி ஆகியவைதான் அங்கே வேலை. உப்புச் சத்தியாக்கிரக ஆண்டில் பிறந்த மகனுக்கு லவணம் என்று பெயர் வைத்தார். லவணம் என்றால் உப்பு. ஒன்பதாவது பிள்ளைக்கு நவ் என்று பெயர், அதாவது ஒன்பது. சாமி பெயரும் வேண்டாம், சாதி காட்டும் பெயரும் வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது?

இந்த மனிதர் 1930இல் காந்திக்குக் கடிதம் எழுதிக் கேட்டார், கடவுள் என்ற சொல்லுக்கு நீங்கள் என்ன பொருள் கொள்கிறீர்கள் என்று. கடவுள் மனித அறிவுக்கு அப்பாற்பட்டவர் என்று சுருக்கமாக ஒரு பதில் வந்தது. 1941இல் நேரில் சந்திக்க அனுமதி கேட்டார். உங்கள் வெற்றிக்குக் காரணம் நீங்கள் மக்களிடையே செய்யும் உண்மையான வேலை, நாத்திகம் இல்லை. உங்களை அழைக்க எனக்கு நேரம் இல்லை என்ற கருத்தில் காந்தி மறுத்துவிட்டார். கவனித்தீர்களா? கூட்டத்தில் நான் அண்ணையைப் பற்றிச் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. காந்திக்கே அந்தப் பழக்கம் இருந்தது என்று வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

1944 நவம்பரில்தான் சேவாகிராமத்தில் சந்திப்பு நடந்தது. முதல் கடிதத்துக்குப் பிறகு 14 ஆண்டுகள். அந்த ஆண்டு பெப்ரவரியில்தான் கஸ்தூர்பா இறந்திருந்தார், மே மாதத்தில்தான் காந்தி காவலில் இருந்து வெளியே வந்திருந்தார். 75 வயது. கடவுள் இல்லாத ஆளிடம் நான் என்ன பேசுவது என்று சிரித்துக்கொண்டு தொடங்கினார். கோரா விடவில்லை. கடவுள் இல்லை என்று மறுப்பதோடு என் வேலை முடியவில்லை, அப்படி மறுத்த பிறகு மனிதன் எப்படி நிமிர்ந்து நிற்கிறான் என்பதுதான் என் நாத்திகம் என்று விளக்கினார். அதற்குக் கல்கத்தாவை உதாரணம் காட்டினார். 1943 வங்காளப் பஞ்சத்தில் மனிதர்கள் இனிப்புக் கடை வாசலிலேயே பசியால் விழுந்து செத்தார்கள். கண்ணுக்கு முன்னால் உணவு இருந்தும், இது விதி, கடவுள் விட்ட வழி என்று கை நீட்டாமலே செத்தார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நான் உடைக்க விரும்புகிறேன் என்றார்.

நண்பர்களே, இதற்குக் காந்தியிடம் பதில் இல்லாமல் இருந்திருக்காது. பஞ்சத்துக்குக் காரணம் அரசு, போர், பதுக்கல் என்று அடுக்கியிருக்கலாம். நான் என்றால் அப்படித்தான் வாதாடியிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு அன்றோடு முடியவில்லை, மறுபடியும் மறுபடியும் தொடர்ந்தது. அந்த உரையாடல்களின் ஓரிடத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: என் ஆத்திகம் சரி என்றும் என்னால் சொல்ல முடியாது, உங்கள் நாத்திகம் பிழை என்றும் சொல்ல முடியாது. நாம் இரண்டு பேரும் உண்மையைத் தேடுகிறவர்கள், பிழை என்று கண்டால் மாறிக்கொள்வோம்.

இதில் எல்லாம் ஒன்றுதான் என்ற சமாதானம் இல்லை. எந்த வழியில் போனாலும் ஒரே மலை உச்சிதான் என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் மலையே இல்லை என்று சொல்கிற ஒருவரிடம் அதைச் சொன்னால், அவர் பேச்சை நாம் காதில் வாங்கவே இல்லை என்றுதான் பொருள். காந்தி தன் பழைய கடிதத்தின் மிதப்பை விட்டு இறங்கி வந்தார். கோராவும் முகத்துக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் மாற்றலாம் என்ற நம்பிக்கை இருவருக்கும் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

பேச்சு பேச்சாகவே நின்றிருந்தால் இதை நான் இவ்வளவு நேரம் சொல்லியிருக்கமாட்டேன். கோரா தன் மூத்த மகள் மனோரமாவை, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த அர்ஜுன் ராவ் என்ற இளைஞருக்கு மணம் செய்து கொடுக்கத் தீர்மானித்தார். சேவாகிராமத்தில் அந்தத் திருமணத்தை நடத்திவைக்கக் காந்தி ஒப்புக்கொண்டார். ஆசிரம வழக்கப்படி கடவுள் பெயரால்தான் உறுதிமொழி. நாத்திகர் வீட்டுத் திருமணத்தில் அதை எப்படிச் சொல்வது? கடவுள் என்ற இடத்தில் சத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று காந்தி இணங்கினார். ராம நாமம் சொல்லாமல் ஒரு நாளும் முடிக்காத மனிதர்! கடவுளே சத்தியம் என்று சொல்லிவந்தவர், சத்தியமே கடவுள் என்று அதை 1931இலேயே திருப்பிச் சொன்னார். சத்தியத்தை நாத்திகர்கூட மறுப்பதில்லை என்று அதற்குக் காரணமும் சொன்னார். அந்தத் தத்துவம் ஒரு கல்யாணப் பந்தலில் சோதனைக்கு வந்தது. திருமணத்துக்கு முன்பே, 1948 ஜனவரி 30ஆம் திகதி காந்தி கொல்லப்பட்டார். மார்ச் மாதம் சேவாகிராமத்தில் அந்தத் திருமணம் நடந்தது.

நம் பக்கத்திலும் இப்படி உண்டு. 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, அரசியலில் அவரை நெடுங்காலம் எதிர்த்த பெரியார், 93 வயதில், சக்கர நாற்காலியில் வந்து அழுதார். குன்றக்குடி அடிகளாருக்கும் பெரியாருக்கும் இருந்த நட்பு எல்லோருக்கும் தெரிந்தது. இவற்றை நாம் பெருந்தன்மைக் கதைகளாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெருந்தன்மைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எனக்கு எப்போது தெரிந்தது என்று சொல்லி முடிக்கிறேன்.

புத்தகத்தை வாசித்துவிட்டு நான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். "வாசிச்சன்" என்றேன். "சரி, சனிக்கிழமை வாரும்" என்றார். அவ்வளவுதான் சமாதானம். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் வாதாடினோம். அவரும் மாறவில்லை, நானும் மாறவில்லை. ஆனால் என் நம்பிக்கையில் எது ஊர்ப் பழக்கம், எது எனக்கு உண்மையாகவே தேவை என்று பிரித்துப் பார்க்க அவர்தான் கற்றுத் தந்தார்.

பிறகு அவருக்குப் புற்றுநோய் வந்தது. வைத்தியசாலையில் ஒரு நாள், "என்ர செத்தவீட்டை நீர்தான் நடத்தவேணும். கிரியை வேண்டாம். தேவாரமும் வேண்டாம், சுண்ணமும் வேண்டாம். பேசும், அது போதும்" என்றார். நான் ஓம் என்றேன். சொல்லும்போது அது எவ்வளவு கடினம் என்று தெரியவில்லை.

தகனசாலையில் எங்களுக்குத் தந்த நேரம் முக்கால் மணித்தியாலம். நான் பேசினேன். சப்பாத்து வாங்கிய கதையையும் டெசல் கப்பலையும் சொன்னேன். முடிக்கும் நேரத்தில் அவருடைய தங்கச்சி, லண்டனில் இருந்து வந்தவர், எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாவை இப்படி அநாதை மாதிரி அனுப்பாதேங்கோ. ஒரு தேவாரம், ஒரேயொரு தேவாரம் பாடுங்கோ" என்று அழுதார். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இருபது வருடப் பழக்கம் அது. பெட்டியைப் பார்த்ததும் வாய் தானாகத் திறக்கும்.

நான் பாடவில்லை. "அண்ணைக்கு வாக்குக் கொடுத்திட்டன், அக்கா" என்றேன். அவர் கையை உதறினார். பெட்டி உள்ளே போகும்வரை மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அன்று இரவு அக்கா தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய பிள்ளைகளோடு தரையில் இருந்து, அவர் கேட்ட தேவாரத்தைப் பாடினேன். இது அண்ணைக்குக் கொடுத்த வாக்கை மீறியதா? யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கோராவின் ஆட்கள் என்னைக் கேள்வி கேட்கலாம், சைவப் பெரியவர்களும் கேட்கலாம். இறந்தவருக்குக் கொடுத்த சொல்லும் பெரிது, உயிரோடு இருந்து அழுகிறவரின் துக்கமும் பெரிது. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை, அதனால் இரண்டு இடத்தில் வைத்தேன்.

1891இல் சார்லஸ் பிராட்லா என்ற புகழ்பெற்ற நாத்திகரின் இறுதி நிகழ்வுக்கு, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி போயிருக்கிறார். அஞ்சலி செலுத்தப் பாதிரியார்கள் சிலரும் வந்திருந்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தப் பாதிரியார்களை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அவர்கள் வாயிலும் ஒரு பிரார்த்தனை வந்திருக்கும் அல்லவா?

இந்த வருடத் திருவிழாவுக்கு நானே கார் ஓட்டிக்கொண்டு டென் ஹெல்டருக்குப் போனேன். பூசை முடிந்ததும் அன்னதானச் சோற்றை வாங்கிக்கொண்டு கடலணைக்குப் போய் இருந்து சாப்பிட்டேன். கப்பல் போய்க்கொண்டிருந்தது.

உங்கள் கேள்விகளையும், முக்கியமாக உங்கள் மறுப்புகளையும் கேட்க ஆவலாக இருக்கிறேன்.