குடி பிறவியிலே வருவதா?

(கொல்லிமலை செம்மேட்டில் விவசாயத் தொழிலாளரிடையே நிகழ்த்திய பேச்சு)

மரவள்ளிக் காட்டிலும் ஆலையிலும் பாடுபடும் தோழர்களே!

"மலைக்காரன் ரத்தத்திலேயே குடி ஊறியிருக்கிறது" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. "அப்பன் குடித்தான், நானும் குடிக்கிறேன், தலையெழுத்து" என்று நம்மிலே சொல்வோரும் உண்டு. 1871ல் வெள்ளையன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டதும் இப்படித்தான், பிறப்பைக் காட்டி. 1952ல் அது ஒழிந்தது. இந்தப் பேச்சு ஒழியவில்லை. விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

பரம்பரைக்குப் பங்கு உண்டு. டென்மார்க்கில், குடிக்கு அடிமையானவர்களுக்குப் பிறந்து, கைக்குழந்தையிலேயே தத்துப் போய் வேறு வீட்டில் வளர்ந்த ஆண்பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். மற்றத் தத்துப் பிள்ளைகளைவிட இவர்களில் சுமார் நான்கு மடங்குப் பேர் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 1973ல் இந்த ஆய்வு வெளியாயிற்று. ஆளுக்கு ஆள் இந்த அபாயம் வேறுபடுவதில் ஏறக்குறையப் பாதி பரம்பரையால் என்று பின்வந்த ஆய்வுகளும் கூறுகின்றன.

ஆனால் அது ஒரே மரபணுவின் வேலையல்ல. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து செய்வது. ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பிக்குள்ளேயே அது வேறுபடும். அப்படியிருக்க, ஒரு மலை முழுவதற்கும் எப்படி முத்திரை குத்துவது?

மீதிப் பாதி சூழ்நிலை. ஜப்பானைப் பாருங்கள். அங்கே பலருக்குப் பிறவியிலேயே ஒரு விதமான மரபணு உண்டு. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். அதுவே அவர்களுக்குக் காவல். அப்படியும், குடி நோயாளிகளில் இந்த மரபணு உள்ளவர்கள் 1979ல் நூற்றுக்கு 2.5 பேர், 1992ல் 13 பேர். பதின்மூன்று வருஷத்தில் ரத்தமா மாறிவிட்டது? குடிக்கும் வழக்கம் பெருகியது!

இங்கே? இந்த மலை அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1937 அக்டோபர் 1ல் சென்னை மாகாணத்தில் முதன்முதல் மதுவிலக்கு வந்தது அந்த ஜில்லாவில்தான். 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். பாட்டன் ரத்தமேதான் பேரனிடமும் ஓடுகிறது. நடுவிலே வந்தது கடை.

ஆகவே, குடிக்கு அடிமையான தகப்பனின் பிள்ளைகள் முதல் கோப்பையையே தொடாதிருப்பது நல்லது. "எவ்வளவு குடித்தாலும் தள்ளாடமாட்டேன்" என்று பெருமை பேசுபவனுக்கே ஆபத்து அதிகம் என்பதும் ஆராய்ச்சியில் கண்டது. ஏற்கெனவே அடிமையானவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அதற்கு மருந்து இருக்கிறது, மீண்டவர்களும் இருக்கிறார்கள். ஏளனம் செய்யாமல் கூடவே போங்கள், தோழர்களே!