விண்ணப்பத்தில் அடித்த சொல்



வாத்தியாரைப் பற்றி முன்னால் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஒன்றை மட்டும் சேர்க்கிறோம். ஓய்வு பெற்ற பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்து தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தார். முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று, தொகுப்பு வீடு, எதுவானாலும் ஒரு நகல் எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் போட்டுவைப்பார். கார்பன் தாள் காலத்துப் பழக்கம். அவர் மறைந்த பின் அந்தப் பெட்டியைத் திறந்து அடுக்கியது நாங்கள்தான். அதில் எங்கள் விண்ணப்பம் ஒன்றின் நகலும் இருந்தது. நாங்கள் அடித்துத் திருத்திய ஒரு சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி எங்களிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. இன்று பேசப்போவது அந்தச் சொல்லைப் பற்றித்தான்.

மானியம் என்பது நம் தெருக்களுக்குப் புதிய வார்த்தை இல்லை. பள்ளிக்கூட மானியத்துக்கு முன்பே வெட்டியான் மானியம் இருந்தது, தோட்டி மானியம் இருந்தது. பிணம் எரிக்க, சாவுச் சேதி சொல்ல, ஊருக்கு ஊழியம் பார்க்க விடப்பட்ட துண்டு நிலம். ஊழியம் நின்றால் நிலமும் போகும். நம் பாட்டன்மார் அறிந்த மானியம் அது. அதனால்தானோ என்னவோ, அரசு அலுவலகத்தில் மானிய விண்ணப்பத்தோடு நிற்கும்போது நம் முதுகு இன்றும் தானாகக் கொஞ்சம் வளைகிறது. எங்கள் முதுகு வளைந்தது. அதை மறைத்துவிட்டு இங்கே வீரம் பேச விருப்பமில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், வட மாவட்டம் ஒன்றில், ஆதிதிராவிடர் நல நடுநிலைப் பள்ளி ஒன்றில் சனிக்கிழமைதோறும் வரலாறும் குடிமையியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். வரலாற்றுச் சான்றுகள் பற்றிய பாடம் வந்தபோது, உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழைய காகிதம் எதுவோ அதைக் கொண்டுவாருங்கள் என்றோம். ரேஷன் கார்டு வந்தது. அடகுக்கடை ரசீது வந்தது. செங்கல் சூளையில் வாங்கிய முன்பணத்தைக் குறித்துவைத்த நோட்டு ஒன்று வந்தது. அதை வைத்தே ஒரு மாதம் பாடம் நடத்தலாம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். 'டி.சி. நிலம்' என்று அதில் இருந்தது. "எங்க தாத்தா பள்ளிக்கூடமே போகலியே அக்கா, அவருக்கு எதுக்கு டி.சி. குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகுதான் சிரிக்கக் கூடாது என்று தோன்றியது. அந்த டி.சி. டிப்ரஸ்டு கிளாஸ். அது பஞ்சமி நிலத்தின் காகிதம்.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலமில்லாததே அடிமைத்தனத்தின் வேர் என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையின் வழியே நமக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு. அடுத்த ஆண்டே, 1893-இல், பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. பஞ்சமர் பள்ளிகளுக்கு மானியம், ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு உதவித்தொகை. இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியதும் அதே 1893-இல்தான். நிலத்துக்கு ஓர் ஆணை, பள்ளிக்கு ஓர் ஆணை; ஒரு வயிற்றில் அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. பிற்பாடு 1920-களில் தொழிலாளர் துறை நம் தெருக்களில் பள்ளிகளைத் திறந்தது. இன்றும் நம் கிழவிகள் 'லேபர் ஸ்கூல்' என்று சொல்வது அதைத்தான். நாங்கள் சனிக்கிழமை வகுப்பு எடுத்தது அந்த வழியில் வந்த பள்ளி ஒன்றில்.

சமூகவியல் முதுகலை வகுப்பில் சமஸ்கிருதமயமாதலுக்கு இரண்டு வாரம் ஒதுக்கினார்கள். டி.சி. நிலத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. இதை ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பிளாஸ்டிக் உறையில் இருந்துதான் முழுதாகப் படிக்கத் தொடங்கினோம்.

அந்த உற்சாகத்தில்தான் விண்ணப்பம் போட்டோம். உள்ளூர் வரலாற்றையும் குடிமையியலையும் மாணவர்களே தொகுத்துக் கண்காட்சி வைப்பது, சிறு நூல் போடுவது. தலைப்பு: 'எங்கள் தெருவின் பஞ்சமி நிலம்'. சங்கப் பதிவுச் சான்று, மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு, வங்கி விவரம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. அங்கிருந்த அலுவலர் கெட்டவரும் இல்லை; டீ வாங்கிக் கொடுத்தார். "பஞ்சமி நிலம்னு போட்டா மேல கேள்வி வரும். கிராம நில வரலாறுன்னு மாத்திக் குடுங்க, நாளைக்கே அனுப்பிடறேன்" என்றார். அங்கேயே, அவருடைய பேனாவை வாங்கி, அடித்து எழுதிக் கொடுத்தோம். அந்த நகல்தான் வாத்தியார் பெட்டியில் இருந்தது.

ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வந்தது. ஃப்ளெக்ஸ் அடித்தோம். கண்காட்சியில் ஏரி மடை இருந்தது, கோயில் கல்வெட்டு இருந்தது, சுதந்திரப் போராட்ட வீரர்கள் இருந்தார்கள். 'கிராம நில வரலாறு' என்ற தலைப்புக்குக் கீழே அந்தக் காகிதம் பொருந்தவில்லை. நிலம் கொடுக்கப்பட்ட கதையைச் சொன்னால் அது இப்போது யார் கையில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று அங்கே கல் நட்டு மனைப்பிரிவு போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டே வந்து, "எங்க பேப்பர் எந்த போர்டுல இருக்கு அக்கா?" என்று கேட்டாள். இடம் போதவில்லை என்று சொன்னோம். அது பொய். பயன்பாட்டுச் சான்று மட்டும் ஒரு ரூபாய் பிசகாமல் கொடுத்தோம்.

இதைக் கேட்டதும் சில தோழர்கள், அதனால்தான் சொல்கிறோம், அரசுப் பணத்தைத் தொடவே கூடாது என்பார்கள். அந்த முடிவு எங்களுக்கு ஏற்பில்லை. 1927 மார்ச்சில், பம்பாய் சட்டமன்றத்துக்குள் நுழைந்த புதிதில், அம்பேத்கர் கல்வி மானியக் கோரிக்கை மீது பேசினார். கொடுத்த காசுக்கு வரவு பார்க்கும் துறையாகக் கல்வியை நடத்தக் கூடாது என்று வாதாடினார். பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80 முதல் இருக்கிறது. மக்கள்தொகையில் நம் பங்குக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் நாம். 2024-இல் மாநில அரசு இதற்கெனச் சட்டமே இயற்றியது. அந்தப் பணம் நம் பெயரில் ஒதுக்கப்படுகிற பணம். அதைக் கேட்காமல் விட்டால் தூய்மையாக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பலகைகூட இருக்காது.

ஆனால் எந்த வாசல் வழியாகக் கேட்பது என்பதில் நாங்கள் தவறிவிட்டோம். ஒரு சங்கமாக, ஒரு தொண்டு நிறுவனமாகப் போனோம். அப்படிப் போகிறவர் விண்ணப்பதாரர். அவருக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். இன்னொரு வாசல் சட்டத்திலேயே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். 22-ஆம் பிரிவு அந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. அந்தத் திட்டமே அரசின் மானியத்துக்கு அடிப்படையாகும் என்றும் சொல்கிறது. மாணவர்களே, அந்த வரியை ஒருமுறை மூலத்தில் படித்துப் பாருங்கள். நம் ஊர்களில் வளர்ச்சித் திட்டம் என்றால் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி என்று எழுதுகிறார்கள். அவை வேண்டியவைதான். வரலாற்றையும் குடிமையியலையும் அதில் எழுதக் கூடாது என்று எங்கும் இல்லை.

குடிமையியலைச் சேர்த்தே கேட்க வேண்டும். ஊராட்சி பற்றிய பாடத்தில் 73-ஆவது திருத்தம் வருகிறது, இடஒதுக்கீடு வருகிறது, தலைவரின் பணிகள் வரிசையாக வருகின்றன. அதே இடஒதுக்கீட்டில் வென்ற மேலவளவு முருகேசனும் அவருடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்தவே விடவில்லை. இது தெரியாமல் ஊராட்சிப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை என்ன கற்றிருக்கிறது? காரணையும் அப்படித்தான். 1994-இல் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நாங்கள் வகுப்பெடுத்த பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்தப் பெயர்கள் தெரியவில்லை.

வேலை செய்யப்போகிற தோழர்களுக்குச் சில விஷயங்கள். மனுவில் கேட்பதைச் சுருக்கமாகக் கேளுங்கள், ஆனால் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'விழிப்புணர்வு', 'நல்லிணக்கம்' என்று எழுதினால் அந்தச் சொல்லுக்குள் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்வார்கள். வாய்மொழியாகத் திருத்தச் சொன்னால், எழுத்தில் தரும்படி கேளுங்கள். நாங்கள் கேட்டிருந்தால் அந்த அலுவலரே தயங்கியிருப்பார். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். மறுமொழி வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், முப்பது நாள். கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கட்டும். மற்றவர்கள் கணக்கில் பிழை வந்தால் பிழை என்பார்கள், நம் கணக்கில் வந்தால் வேறு மாதிரிப் பேசுவார்கள். பதிவேடுகளைப் பள்ளிக்குள் கொண்டுவாருங்கள். கிராமத்து 'அ' பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். அதைவிட நல்ல வரலாற்று நூல் எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு, வேறு பள்ளியில். அவள் தம்பி அதே பள்ளியில் ஏழாவது படிக்கிறான். அவர்களுடைய அம்மா மேலாண்மைக் குழு உறுப்பினர். போன மாதம் நாங்கள் அவர் வீட்டுக்குப் போய் நான்கு ஆண்டுக்கு முன் சொன்ன பொய்யைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "அது அப்பவே எங்க பாப்பாவுக்குத் தெரியும்" என்றார். பிறகு, திட்டத்தில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டு, தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்து, ஒரு நகல் வாங்கி அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

தலைப்பு பழைய தலைப்புத்தான். வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் குழுக் கூட்டம். தீர்மானம் எழுத, நகல் எடுக்க, கணக்குப் போட ஆள் வேண்டும். கல்லூரி முடித்துவிட்டு வரக்கூடிய மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வாத்தியார் பெட்டியையும் அன்றைக்குப் பள்ளிக்குக் கொண்டுவருகிறோம்.

ஜெய்பீம்.