கம்பெனி நம்ம ஊருக்கு வரும்போது

(வேலைவாய்ப்பு முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேச்சை நீட்ட மாட்டேன். வெளியே இன்னும் வரிசை நிக்குது.

தென்காசிக்குப் பக்கத்துல மத்தளம்பாறைன்னு ஒரு கிராமம். 2011-ல் சோஹோ நிறுவனம் அங்கே அலுவலகம் திறந்தது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் அது. இன்றைக்கு அதன் வாடிக்கையாளர்கள் உலகம் முழுக்க இருக்காங்க. அவங்க விற்கிற 'சோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள் அந்தத் தென்காசி அலுவலகத்தில்தான் உருவானது.

இதை ஏன் சொல்றேன்? ஒரு கம்பெனி ஊருக்கு வருதுன்னதும் நாம கேக்கிற முதல் கேள்வி, "எத்தனை பேருக்கு வேலை?" என்பதுதான். அதோடு "என்ன வேலை?" என்றும் கேளுங்க. ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிற வேலைன்னா, ஒப்பந்தம் முடிஞ்சதும் மேசை நாற்காலியோட கிளம்பிடலாம். பொருளையே இங்க உருவாக்கினா, அதைத் தெரிஞ்ச ஆளுங்க இங்கதான் இருப்பாங்க. அதைச் சட்டுனு பெயர்த்து எடுத்துட்டுப் போக முடியாது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கிற பள்ளியையும் சோஹோ நடத்துது. உள்ளூர்ல ஆள் கிடைக்கலைன்னு சொல்ற நிறுவனங்கள் இதைக் கொஞ்சம் பார்க்கணும்.

வேகமா வளர்ற கம்பெனியில இன்னொரு பக்கமும் உண்டு. ஃபிரெஷ்வொர்க்ஸ் 2010-ல் சென்னையில் தொடங்கியது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. நமக்கெல்லாம் பெருமைதான். அதே நிறுவனம் 2024 நவம்பரில், உலக அளவில் சுமார் 660 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. நல்ல பேர் உள்ள இடத்திலேயே இது நடக்கும். அதனால சம்பளம் வரும்போதே உங்க கணக்கு வழக்கைச் சரியா வெச்சுக்கணும்.

விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் மினி டைடல் பூங்காக்கள் 2024-ல் திறக்கப்பட்டிருக்கு. சொந்த ஊர்ப் பக்கமே வேலை என்ற ஆசை நியாயமானது. அந்த ஆசையைக் காசாக்குறவங்களும் கிளம்பிட்டாங்க. எங்க அக்கா மகன் 35,000 ரூபாய் 'டெபாசிட்' கட்டினான். வெளிநாட்டு கம்பெனியாம், நம்ம ஊர்ல கிளை திறக்கப் போறாங்களாம். ஆஃபர் லெட்டர் வந்தது சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து. அக்கா நகையை அடகு வெச்ச பணம் அது. திரும்பி வரலை. ஒரு வாரம் வரைக்கும் அவன் யார்கிட்டயும் சொல்லவே இல்லை, வெட்கம்! அந்த ஒரு வாரம்தான் பெரிய நஷ்டம். பணம் போனது தெரிஞ்ச உடனே 1930-க்குப் போன் பண்ணணும்.

இப்ப உங்க கையில இருக்கிற போனுக்கு வருவோம். பிரைவேட் லிமிடெட் என்று சொன்னால், மத்திய கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்க. எப்போ பதிவானது, இப்போ இயங்குதா என்பது தெரியும். வேலைக்கு முன்பணம் கேட்டாலே எழுந்து வந்துடுங்க. தமிழ்நாடு தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு செய்ய உங்ககிட்ட பைசா வாங்க மாட்டாங்க.

சேர்ந்த பிறகுதான் முக்கியமான வேலை. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்குப் பொதுவாக வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் காட்டியிருந்தால், அந்தப் பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் உங்க கணக்குக்குக் கட்டப்பட வேண்டும். உமங் செயலியில் யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. வரவு ஏறக் கொஞ்சம் தாமதமாகலாம், பதற வேண்டாம். ரெண்டு மூணு மாசமா எதுவும் ஏறலைன்னா முதல்ல ஹெச்.ஆர். கிட்ட கேளுங்க, மழுப்பினா பி.எஃப். குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போடுங்க. சம்பளச் சீட்டுகளைப் போட்டோ எடுத்து வெச்சிருந்தா அப்ப கைகொடுக்கும்.

சரி, வரிசை நகருது. ஏற்கெனவே வேலையில இருக்கிறவங்க மூணாவது மேசைக்கு வாங்க. பாஸ்புக்கைச் சேர்ந்தே திறந்து பார்ப்போம்.