குரல் தேர்வு இல்லாத பாடகர் குழு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்றபடியால் நீரிழிவு பற்றிப் பேசுவேன் என்று பலர் பயந்துபோய் இருக்கிறீர்கள். பயம் வேண்டாம். நான் பேசப்போவது பாட்டைப் பற்றி.

நான் வேலை செய்யும் இங்கிலாந்து நகரத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஒரு பாடகர் குழு கூடும். தாதியர், பஸ் சாரதி, ஓய்வுபெற்றவர்கள் என்று நாற்பது பேர் வரை வருவோம். குரல் தேர்வு கிடையாது. கையில் தாளும் கிடையாது. நடத்துபவர் ஒரு வரி பாட, நாங்கள் திருப்பிப் பாடுவோம். தேவாரம் பழகிய நமக்கு இந்த முறை புதிதல்ல. பிரான்கி ஆம்ஸ்ட்ரோங் என்ற நாட்டுப்பாடகி, எல்லோருக்கும் பாட வரும் என்ற நம்பிக்கையில் 1970களில் குரற்பயிற்சிப் பட்டறைகளைத் தொடங்கினார். இன்று அங்கே இப்படியான குழுக்கள் ஏராளம். எங்கள் குழுவில் பலர் சிறுவயதில், "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லப்பட்டவர்கள்.

தென்னாபிரிக்கா, பல்கேரியா, மாவோரி மக்கள் என்று பல இடத்துப் பழைய பாட்டுகளைப் பாடுவோம். எனக்குப் பிடித்தவை ஜோர்ஜியப் பாட்டுகள். நமது சங்கீதத்தில் எல்லோரும் ஒரே சுரத்தைப் பிடிப்போம். அங்கே மூன்று குரல்கள் மூன்று வழியில் போகும், ஒன்றோடொன்று உரசும். முதல் மாதம் எனக்குக் காது கூசியது. பிறகு அந்த உரசலுக்காகவே போனேன். 1977இல் வொயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய இசைத்தட்டில் 'சக்ருலோ' என்ற ஜோர்ஜியப் பாட்டும் இருக்கிறது.

வைத்தியராக ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், புதிதாகத் தொடங்கிய பாட்டு, கைவினை, எழுத்து வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். முடிவில் எல்லா வகுப்பினரும் தங்களுக்குள் நெருக்கமாகத்தான் இருந்தார்கள். ஆனால் பாடியவர்கள் முதலிலேயே நெருங்கிவிட்டார்கள். ஊர்விட்டுப் போனவளுக்கு அந்த வேகம் சின்ன விஷயமில்லை.

ஒருநாள் நடத்துபவர், "உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று சொல்லித் தாருங்கள்" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கீர்த்தனையும் சினிமாப் பாட்டும். இந்த மேடையில் பரிசு வாங்கித்தந்த பாட்டுகள் அங்கே உதவவில்லை, அவை தனியாகப் பாடுபவை. வடமராட்சியில் இருக்கும் பெரியம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவவின் தகப்பனார் கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டில் இரண்டு அடி நினைவில் இருந்தது. "மிச்சம் ஐயாவோடை போயிட்டுது பிள்ளை" என்றா.

ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் இழுவையோடு வாங்கிப் பாடும் பாட்டு அது. அந்த இரண்டு அடியை நாற்பது பேர், இல்லாத வலையை இழுத்து இழுத்துப் பாடினார்கள். ழகரம் ஒருவருக்கும் வரவில்லை. மூன்றாவது அடியைக் கேட்டார்கள். என்னிடம் இல்லை.

நாளை காலை பத்து மணிக்குப் பிரதான மண்டபத்தில் அந்த இரண்டு அடியைச் சொல்லித் தருவேன். கரையோரக் கிராமங்களில் பிறந்த அக்காமார் கட்டாயம் வாருங்கள். அடுத்த அடி தெரிந்தால் பதிவுசெய்ய ஆயத்தமாக இருப்பேன். பாட வராது என்பவர்களுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.