எட்டும் இடத்தில் மருந்து



என் பிழை ஒன்றைச் சொல்லியே இப்பேச்சைத் தொடங்குகிறேன். 1998ஆம் ஆண்டு, நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் சுதந்திர தின விழா. எல்லோருக்கும் கடலை உருண்டை வழங்கினோம். ஒரு மாணவன் மட்டும் கை நீட்டவில்லை. "எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஐயா" என்றான். "கொடுத்ததை மறுப்பது பண்பன்று" எனக் கடிந்தேன். என் சொல்லுக்கு அஞ்சி உண்டான். சில நிமிடங்களில் உதடு வீங்கியது, உடலெங்கும் தடிப்பு எழுந்தது, மூச்சுத் திணறியது. மருத்துவமனை அடுத்த தெருவில் இருந்தமையால் பிழைத்தான்.

ஒவ்வாமை என்பது செல்லமும் அன்று, பிடிவாதமும் அன்று. பிறர்க்குத் தீங்கு செய்யாத உணவைப் பகையென்று கொண்டு, உடலின் எதிர்ப்பாற்றல் போர் தொடுக்கிறது. அது முற்றினால் குருதிக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் சரியும். மூச்சுக் குழல் சுருங்கும். இவ்விரண்டையும் எதிர்த்து நிற்கும் மருந்து அட்ரினலின். அதைத் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே செலுத்த வேண்டும். பேனா போன்ற கருவியில், அளவிட்டு அடைத்த ஊசியாகவும் அது உண்டு.

மருந்து இருந்தால் மட்டும் போதுமா? கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சப்ரினா ஷானன் என்னும் சிறுமி இருந்தாள். தன் ஒவ்வாமையைப் பற்றி வானொலியிலேயே எடுத்துச் சொன்னவள் அவள். 2003ஆம் ஆண்டு, தன் 13ஆம் வயதில், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி உண்டாள். பாற்பொருளைத் தொட்ட இடுக்கியால் அது எடுக்கப்பட்டிருக்கலாம் என்று கருதப்பட்டது. அவளுக்குரிய ஊசியோ, அவளது பெட்டகத்துள் இருந்தது. எடுத்து வருவதற்குள் காலம் கடந்தது. அவள் உயிர் பிழைக்கவில்லை. பள்ளிகள் முன்னேற்பாடு செய்யவும், ஆசிரியர்கள் பயிற்சி பெறவும் அவள் பெயராலேயே அங்கு ஒரு சட்டம் பிறந்தது. அது 2006 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, உங்கள் தோழனுக்கு ஒவ்வாமை உண்டெனில், அவன் மருந்து எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அது பூட்டிய அலமாரியில் இருத்தலாகாது. துன்பம் நேர்ந்தால் அவனை நடக்கவிடாதீர்கள். படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் அமரவையுங்கள். ஆசிரியரை அழையுங்கள்; மருந்து கொடுத்ததும் 108-ஐ அழையுங்கள். தேறிவிட்டான் என்று தோன்றினாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். துன்பம் மீண்டும் தலையெடுக்கக்கூடும்.

அன்று அம்மாணவன் என்னிடம் சொன்னவை மூன்றே சொற்கள். அவற்றைக் கேட்கும் செவி எனக்கு இருந்திருப்பின், மருந்தே வேண்டியிருந்திராது. உங்களுக்கு அச்செவி வாய்க்கட்டும்.