நீருக்கு வழிவிடுக!
(பிச்சாவரம் படகுத்துறையருகே, கண்டற்காட்டைக் காணவந்த பொறியியல் மாணவரிடையே தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

   

எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் ஒருவனைக் கல்லும் கம்பியும் கற்கும் உங்கள்முன் நிறுத்தியிருக்கின்றார்கள். இவனுக்கு இங்கென்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பிழையன்று. ஆயினும், நீங்கள் கட்டப்போகும் சாலையிலேதான் நான் நடக்கவேண்டும். நீங்கள் போடப்போகும் பாலத்தின் கீழேதான் எங்கள் ஊர் வெள்ளம் வடியவேண்டும். அந்த உரிமையால் பேசுகின்றேன்.

முதலில் இவ்விடத்தின் பெயரிலிருந்து தொடங்குவோம். இங்கிருந்து சற்றேறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் மேற்கே உள்ள சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம். தில்லை நகருக்குப் பெயரளித்த அம்மரம் இன்று அந்நகரத்துள் காணற்கரிது. இதோ, இக்கண்டற்காட்டில் நின்றுகொண்டிருக்கின்றது. அதன் பால் கண்ணிற் பட்டால் கண்ணுக்குத் தீங்கு. ஒரு மரத்தின் பெயரால் ஒரு நகரையே வழங்கிய மக்கள், தம் நிலத்தை எத்துணை நுணுகிப் பார்த்திருக்கவேண்டும்! நகர் நிலைத்தது; மரம் கடலோரம் ஒதுங்கியது; பெயரின் பொருளை நாம் மறந்தோம். இந்த மறதியைப் பற்றியதே இன்றைய என் பேச்சு.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இவ்விரண்டின் கழிமுகங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேர்ப் பரப்பில் விரிந்துள்ளது பிச்சாவரம். சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் வேரூன்றி நிற்கும் இக்காடு, 2022-ஆம் ஆண்டு அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலமாக இராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஏற்கப்பெற்றது. பெருமைதான். ஆனால் இக்காடு ஒருகால் பாதி செத்துக் கிடந்தது என்பதும், அதைப் பிழைப்பித்தது ஒரு பொறியியல் வேலை என்பதும் உங்களுள் எத்தனைப் பேர்க்குத் தெரியும்?

ஆங்கிலராட்சியில், 1911 முதற்கொண்டு, இக்காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, முறைவைத்து அடியோடு வெட்டி வந்தனர். ஆங்கிலர் போனபின்னும் அம்முறை போகவில்லை. 1975 வரை தொடர்ந்தது. வெட்டிய இடத்தில் காடு தானே தளிர்க்கும் என்று கணக்கிட்டனர். தளிர்க்கவில்லை. ஏன்? மரநிழல் நீங்கிய சேற்றுநிலம் வெயிலிற் காய்ந்தது; காய்ந்த மண் சுருங்கியது; சுருங்கிய நிலம் தட்டுப்போல் தாழ்ந்தது. ஓதம் ஏறும்போது கடல்நீர் அத்தட்டினுட் புகுந்தது. ஓதம் வற்றும்போது வெளியேற வழியின்றித் தங்கியது. தங்கிய நீர் ஆவியாயிற்று. உப்பு மட்டும் எஞ்சியது. நாள்தோறும் உப்பின்மேல் உப்பு. உவரிலே வாழப் பிறந்த கண்டலும் தாங்கமாட்டாத உவர்!

கோடரி ஒருமுறை வெட்டியது. தேங்கிய நீரோ பல்லாண்டு வெட்டிக்கொண்டே இருந்தது.

1990-களில் எம். எசு. சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் தமிழ்நாட்டு வனத்துறையும் இணைந்து இதற்கு மருந்து கண்டன. அம்மருந்து என்ன? இயற்கையான ஓடையிலிருந்து தாழ்ந்த நிலத்திற்குள் ஒரு தலைவாய்க்கால். அதன் இருபுறமும் மீன்முள்போற் சாய்ந்து பிரியும் கிளைவாய்க்கால்கள். அவ்வளவே. ஓதம் ஏறியபோது நீர் வந்தது, இறங்கியபோது போனது, போகும்போது உப்பையும் கழுவிச் சென்றது. வாய்க்காற் கரைகளில் நட்ட கண்டல் பிழைத்தது. இவ்வேலையில் இப்பகுதி இருளர் மக்கள் தோள்கொடுத்தனர். கழியிலே கைதடவி இறால் பிடித்து வாழும் அவர்கட்கு எந்த ஓடையில் எந்நேரம் நீர் ஏறும், எங்கே நின்றுவிடும் என்பது உள்ளங்கைக் கோடுபோல் தெரியும்.

மாணவர்களே! இதிலே கற்காரை இல்லை, பெரும்பொறி இல்லை. நீர்மட்டம் பார்க்கத் தெரிந்த கண்ணும், மண்ணைத் தெரிந்தவரைக் கேட்கத் தெரிந்த காதுமே வேண்டியிருந்தன. இதையும் பொறியியல் என்றே நான் சொல்வேன். தலையாய பொறியியல் என்பேன். இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வாய்க்கால்கள் சேறு தூர்ந்து அடைபடும், காலந்தோறும் தூர்வாரவேண்டும். கட்டியவன் பெயரைக் கல்லிற் பொறிக்கின்றோம். தூர்வாரியவனை யார் நினைக்கின்றோம்? ஆனால் காடு நிற்பது தூர்வாருவோனாலேதான்.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. கண்டற்காட்டின் பின்னே இருந்த சிற்றூர்களில் அழிவு குறைவு. கடலை நேர்நோக்கி வெறுமணலில் இருந்த குடியிருப்புகளில் பேரழிவு. பறங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் நடுவத்தார் இதனை ஆய்ந்து 2005-இல் வெளியிட்டனர். ஊர்களின் உயரமும் கடலிலிருந்துள்ள தொலைவுமே பெரும்பங்கு ஆற்றின என்று வேறு அறிஞர் மறுத்துரைத்ததும் உண்டு. அவ்வழக்கை நாம் மறைக்கவேண்டுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது ஒரே பாடந்தான்: ஊரை மேட்டில் வை, கடலுக்கும் ஊருக்கும் இடையே காட்டை வை.

இனிச் சாலைக்கு வருவோம். என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கின்றது.

எங்கள் ஊர்ப்பக்கம் பழைய வண்டித்தடம் ஒன்று இருந்தது. அதை நான்கடி உயர்த்திச் சாலையாக்கினர். நல்ல சாலை, மகிழ்ந்தோம். வடகிழக்குப் பருவமழை வந்தது. சாலையின் மேற்கே பால்பிடித்து நின்ற நெல்வயல்களில் பதினொரு நாள் நீர் வடியவில்லை. கிழக்கே கழி வெறுமையாகக் கிடந்தது. மேற்கே பயிர் அழுகியது. வடிகால் இருந்த இடத்தில் இரண்டு குழாய்களைப் புதைத்திருந்தனர். அவற்றையும் வைக்கோலும் நெய்தற்கொடியும் அடைத்துக்கொண்டன. கட்டுமானத்தின்போதே ஒரு முதிய உழவர், “தம்பி, இது ஓடை வாய். இதற்கு மூன்று கண்ணாவது வேண்டும்” என்று சொன்னாராம். அந்த இளம்பொறியாளரின் வரைபடத்தில் ஓடை என்ற சொல்லே இல்லை. ஓர் எண் மட்டும் இருந்தது. எண்ணுக்கு வாய் ஏது?

அந்தப் பொறியாளர் யார் என்று கேட்டறிந்தேன். என் மாணவன்! என்னிடம் இலக்கணம் கற்றுத் தொண்ணூற்றைந்து மதிப்பெண் பெற்றவன். வீடு தேடி வந்து, தலைகுனிந்து நின்றான். “ஐயா, அவர் சொன்னது என் காதில் விழுந்தது, உள்ளத்தில் விழவில்லை. கல்லூரியில் நான் கற்ற சொற்களில் அது எதுவென்று எனக்குத் தெரியவில்லை” என்றான். அவனைக் கடிய என் நா எழவில்லை. மதகு, தூம்பு, கலிங்கு, குமிழி, வடிகால், வாரி, ஓதம், கழி என்னும் சொற்களைச் செய்யுட்குப் பொருளாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேனே ஒழிய, ஒருநாளேனும் வயல்வரப்பில் நிறுத்திக் காட்டினேனா? குற்றத்திற் பாதி என்னுடையது. மறு ஆண்டு, அவனே அலைந்து திரிந்து ஒப்புதல் பெற்று, அவ்விடத்தில் மூன்று கண் பாலம் அமைத்தான். வயல் பிழைத்தது. ஆனால் அந்த ஓராண்டு விளைச்சலை இழந்த குடும்பங்களுக்கு யார் விடை சொல்வது?

சொல் செத்தால் அறிவு சாகும் என்று நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். இது அதன் சான்று.

அயலாரைப் பாருங்கள். காவிரிக்கு வந்த ஆர்தர் காட்டன், கரிகாலன் கல்லணையை ஆராய்ந்தார். ஆழங்காணா மணலில் பாறைகளை இட்டு, அவை அமிழ்ந்து நிலைகொண்டபின் அவற்றின்மேல் கட்டும் முறையை நம் முன்னோரிடமிருந்தே கற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். அவ்வறிவைக் கொண்டே கொள்ளிடத்தில் 1836-இல் அணைகள் எழுந்தன. அவற்றுள் கீழணையின் நீரே வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு வருகின்றது. வீராணமோ முதற் பராந்தகன் காலத்தது. சோழன் ஏரியும் ஆங்கிலன் அணையும் கைகோத்து இன்றும் இப்பகுதியை வாழ்விக்கின்றன. நம் ‘அணைக்கட்டு’ என்னும் சொல்லை ஆங்கிலம் ‘அனிகட்’ எனக் கொண்டது. நம் ‘கட்டுமரம்’ ‘கட்டமரான்’ ஆயிற்று. அவன் நம் சொல்லையும் கற்றான். சொல்லினுள் இருந்த தொழிலையும் கற்றான். நாமோ இரண்டையும் விட்டோம்!

அதே காட்டன், இருப்புப்பாதைக்கே பணம் முழுவதையும் கொட்டாமல், பாசனத்திற்கும் படகிற்கும் ஒருங்கே பயன்படும் கால்வாய்களை வெட்டுங்கள் என்று தம் நாட்டாரிடம் வழக்காடினார். கேட்பாரில்லை. இன்று அவ்வழக்கு மீண்டும் உயிர்பெற்றுள்ளது. கேரளத்தில், தந்தை பெரியார் போராடிய அதே வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு, 2017 முதல் 75 பேர் செல்லும் படகொன்று கதிரவன் ஒளியாற்றலால் ஓடுகின்றது. புகையில்லை, இரைச்சலில்லை. கழியும் கால்வாயும் உள்ள நம் கரைக்கு அது பொருந்தாதா?

தொடர்வண்டியையும் எண்ணுங்கள். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு குறைவு. ஆகவே ஒரே சுமையை இழுக்கச் சரக்குந்தினும் மிகக் குறைந்த ஆற்றலே போதும். விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதை 2010-இல் அகலப்பாதை ஆயிற்று. கிள்ளையிலும் நிலையம் உண்டு. இன்று இக்கண்டற்காட்டைக் காணவந்த நம்மில் எத்தனைப் பேர் அங்கு இறங்கி வந்தோம்? துறையருகே நிற்கும் மகிழுந்துகளை எண்ணிப் பாருங்கள்! நிலையத்தையும் படகுத்துறையையும் இணைக்கும் ஒரு சிறுபேருந்து, மிதிவண்டிக்கு ஒரு நிழல்வழி. இவற்றை எண்ணுவதும் பொறியாளர் கடனே. புதுச்சாலை போடுவது மட்டும் போக்குவரவு ஆகாது.

கட்டுபொருள் பற்றியும் ஒரு சொல். உலகில் மாந்தர் வெளிவிடும் கரிவளியில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு பைஞ்சுதையாகிய சிமிட்டி ஆக்குவதாலேயே வருகின்றது. நம் மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்த சாம்பல் இருக்கின்றது. அதைச் சிமிட்டியிலும் செங்கல்லிலும் கலக்கலாம். நிலக்கரியை எரிப்பதற்கு இது கழுவாய் ஆகாது. எனினும் சாம்பலைக் குவித்து வைப்பதினும் மேல். மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் தூக்கியெறிந்த நெகிழியை உருக்கிச் சல்லியின்மேற் பூசிக் கீற்சாலை போடும் முறையைக் கண்டார். 2018-இல் தாமரைத்திரு விருது பெற்றார். ஊர்ப்புறச் சாலைகளில் தென்னைநார் விரிப்பை அடியிற் பரப்ப 2020-இல் நடுவணரசு ஒப்பியது. கயிறு திரிக்கும் கைகளுக்கு அதனால் வேலை கிடைக்கும். எல்லாவற்றிலும் மேலான சிக்கனம் ஒன்றுண்டு: இருக்கும் பாலத்தை இடியுமுன் பழுதுபார்ப்பது!

2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம். கடலூர் மாவட்டம் இரண்டையும் தாங்கியது. இனியும் வரும். கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருக்கின்றது. நாளை நீங்கள் போடும் சாலை இன்றைய நீருக்கு மட்டுமன்று, உங்கள் பெயரன் காலத்து நீருக்கும் வழிவிடவேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியது. அது நல்ல தொடக்கம். ஆனால் நீங்கள் எம்மொழியிற் கற்றாலும் சரி, நான் உங்களிடம் வேண்டுவது ஒன்றே. வரைபடத்தில் கையெழுத்திடுமுன், அவ்விடத்திற்கு நடந்து செல்லுங்கள். அங்குள்ள முதியவர் ஒருவரை, உழவரோ மீனவரோ இருளரோ, உடனழைத்துச் செல்லுங்கள். “இந்த ஓடைக்கு என்ன பெயர், ஐயா? வெள்ளம் எதுவரை ஏறும்?” என்று கேளுங்கள். அவர் சொன்ன பெயரை, அவர் சொன்னபடியே, வரைபடத்தில் தமிழில் எழுதுங்கள். பெயருள்ள ஓடையின் வாயை அடைக்க எவனுக்கும் கை எளிதில் எழாது.

என் மாணவன் இன்று அப்படித்தான் செய்கின்றான். அவன் வரைந்த தாள் ஒன்றை அண்மையில் எனக்குக் காட்டினான். அந்த முதிய உழவர் சொன்ன ஓடையின் பெயர், மூன்று கண் பாலத்தின்மேல், தூய தமிழில் இருந்தது. அன்று நான் அவனுக்கு இட்ட மதிப்பெண்ணை இன்றுதான் சரியெனக் கண்டேன்.

நீருக்கு வழிவிடுவோம்! நிலத்தின் சொல்லைக் காப்போம்! வாழ்க தமிழ்!