எஞ்சிய கறியும் அச்சு முறுக்கும்

கிறிஸ்துமஸ் விருந்து என்றதும் பலருக்கு நினைவில் வருவது வாழ்த்து அட்டைகளில் கண்ட வான்கோழிதான். அது இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளின் வழக்கம். உலகம் முழுவதும் அப்படியில்லை.

ஜப்பானில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் கிறிஸ்தவர்கள். வான்கோழியும் அங்கே எளிதில் கிடைப்பதில்லை. 1974-ஆம் ஆண்டில் கென்டக்கி பொரித்த கோழி நிறுவனம், 'கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோழி' என்ற கருத்தில் நாடெங்கும் விளம்பரம் செய்தது. இன்று பல குடும்பங்கள் வாரக்கணக்கில் முன்பதிவு செய்து அதை வாங்குகின்றன. ஒரு விளம்பரம் வழக்கமாகிவிட்ட கதை இது.

போலந்து மக்களின் வழக்கம் வேறு. டிசம்பர் 24 மாலை, வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே உண்ண அமர்வார்கள். இறைச்சி கிடையாது. மீன், காளான், முட்டைக்கோஸ் என்று 12 வகை வைப்பது மரபு. மேசை விரிப்பின் அடியில் கொஞ்சம் வைக்கோல் இருக்கும். இயேசு பிறந்த தொழுவத்தின் நினைவாக. ஓர் இடத்தைக் காலியாக விட்டு, தட்டும் வைப்பார்கள். அழையாமல் வரும் விருந்தாளிக்கு அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் வழிவந்த யுரேசியர்கள், 'டெபல்' என்னும் கறியைச் சமைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதை 'டெவில் கறி' என்பார்கள். பினாங்கு யுரேசியர் வீடுகளிலும் இது உண்டு. கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய கோழி, இறைச்சி முதலியவற்றை மறுநாள் ஒரே சட்டியில் போட்டுச் செய்வது இதன் பழைய முறை. காய்ந்த மிளகாய், வெங்காயம், லெங்குவாஸ், புவா கெராஸ் அரைத்த மசாலாவோடு கடுகும் வினிகரும் சேரும். கடுகு நம் அஞ்சறைப்பெட்டியில் எப்போதும் இருப்பதுதானே!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மிஞ்சிய இறைச்சியை இரவு முழுவதும் அடுப்படியில் விட்டுவிடாதீர்கள். 2 மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்க விடுங்கள். கெட்டுப்போன கறியை மிளகாயும் வினிகரும் காப்பாற்றாது.

அடுத்தது அச்சு முறுக்கு. அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை கலந்த மாவில், எண்ணெயில் சூடேறிய அச்சைத் தோய்த்துப் பொரிக்கிறோம். அச்சு சூடாக இல்லாவிட்டால் மாவு அதில் பிடிக்காது; விளிம்புக்கு மேல் மூழ்கினால் முறுக்கு கழன்று வராது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு இதைச் செய்கிறார்கள். தீபாவளிக்கும் இது உண்டு. மலாய்க்காரர்கள் 'குவே ரோஸ்' என்று நோன்புப் பெருநாளுக்குச் செய்வார்கள். சீனர்கள் தங்கள் புத்தாண்டுக்குச் செய்வார்கள். தொலைவிலுள்ள நார்வே, சுவீடன் நாடுகளிலும் கோதுமை மாவில் இதே போன்ற பலகாரம் கிறிஸ்துமஸுக்கு உண்டு.

லயத்து வீடுகளில் பண்டிகைத் தட்டு வாசலுக்கு வாசல் போகும். இன்று ஜுரு வட்டாரத்தில் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் பெருகிவிட்டன. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போன குடும்பங்கள் பல. அங்கே கதவு சாத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டார் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. அந்தக் கதவைத் தட்ட ஒரு தட்டு முறுக்கு போதும்.

தட்டு அனுப்பும்போது வாங்குகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். இஸ்லாமிய அண்டை வீட்டாருக்கு ஹலால் முக்கியம். மாட்டிறைச்சி உண்ணாதவர், மரக்கறி மட்டும் உண்பவர் உண்டு. மரக்கறிக்காரருக்கு முட்டை சேராத பலகாரம் வேண்டும். முன்னதாகக் கேட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

அட்டையில் கண்ட விருந்துக்காகச் சம்பளத்தில் முன்பணம் வாங்கி, ஜனவரியில் பள்ளிச் செலவுக்குத் திண்டாட வேண்டாம். போலந்துக்காரருக்கு மீன், யுரேசியருக்கு மிஞ்சிய கறி. நம் அடுப்பில் எது கைகூடுகிறதோ அதுவே நமக்கும் விருந்து. ஒரு தட்டு மட்டும் கூடுதலாக எடுத்து வையுங்கள்.